ஒரு கதைக்கு ஒரு பொய்

காலை பதினொன்று இருபது. எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் ஞானசிகாமணி. வயது அறுபத்து மூன்று, ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், சிகாமணி என்ற பெயரில் வாரப் பத்திரிகையில் விண்வெளிக் கதைகள் எழுதுகிறவர். மடியில் கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்ன மூட்டை இருந்தது. உள்ளே அவர் மனைவி பியூலாவின் தாலிச் சங்கிலி, இரண்டு வளையல், ஒரு மோதிரம், நான்கு ஊக்குகள். இரும்பு ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது என்று பச்சை உடுப்புப் பெண் சொல்லிவிட்டாள். ஊக்குகளைப் பியூலாவே கழற்றினாள். தோளிலிருந்து ஒன்று, கொசுவத்திலிருந்து ஒன்று, சங்கிலியில் கோத்திருந்த இரண்டு. கடைசி ஊக்கை விரல்களுக்கிடையில் பிடித்தபடி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். ஊக்கு என்று சொல்வாளா, மார்ச் மாதத்திலிருந்து சொல்லிவந்ததுபோல் குத்துறது என்று சொல்வாளா, அதுவும் போயிற்றா. அதுவும் போயிருந்தது. உதடு அசைந்து, மூடி, ஊக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம், செய்கையைச் சொல்லும் சொல்லும் உதிர்ந்தது என்று மனம் தன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. கதவு சாத்தப்பட்டது. இப்போது உள்ளே இயந்திரம் முதலில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டியது, பிறகு மரம் அறுக்கும் மில்லைப்போல நீளமாக இழுத்தது. அவருக்கு அந்தச் சத்தத்தின் காரணம் தெரியும். காந்தச் சுருள்களில் மின்சாரம் மாறிமாறிப் பாயும்போது அவை அதிர்கின்றன. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விசிலுக்கு நிற்பதுபோல ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன. பழைய தொடர் ஒன்றின் ஒன்பதாவது அத்தியாயத்தில் இதை எழுதியிருக்கிறார். பியூலாவின் தலைக்குள் இருக்கும் தண்ணீர் முழுக்க இப்போது அப்படித்தான் நிற்கும். எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான், இது தொடங்கியது எந்த மாதம் என்று டாக்டரிடம் சொல்வது.

அந்தக் கேள்வி நேற்றே கேட்கப்பட்டுவிட்டது. நேற்று பியூலாவை டாக்டரிடம் கூட்டிவந்தது அவர் இல்லை, அவள் தம்பி தனசிங். வண்ணார்பேட்டையில் பஸ் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், பருத்த ஆள், எதையும் கையோடு முடிப்பவன். ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தான். அக்கா அவன் பேரைச் சொல்ல முடியாமல் அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டான். எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, அத்தான்தான் கூட இருக்காங்க, கேட்டுச் சொல்லுதேன் என்று வந்திருந்தான். இப்போது இரண்டு காகித டம்ளரில் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எப்பம் ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சு வச்சிருக்கீயளா அத்தான்? டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பாரு." யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். "இதுல யோசிக்க என்ன இருக்கு, ஒரே வீட்டுலதான இருக்கீய. நான் மாசத்துக்கு ஒருக்கா வாரவன். அதுவும் வந்தா நீங்கதான் பேசுவீய, அக்கா சிரிச்சுக்கிட்டு நிப்பா. பேச்சே வரலேன்னு எனக்கு எங்க தெரியும்." அவன் குற்றம் சொல்லவில்லை, தன்னையே நொந்துகொண்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது. டீயில் சர்க்கரை கூடுதல். ஜூன் என்று சொன்னால் இரண்டு மாதம். இரண்டு மாதம் என்பது ஒரு மனிதன் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய காலம். வயசு, களைப்பு, வெயில் என்று நினைத்துவிட்டேன் டாக்டர். எட்டு மாதம் என்பது வேறு. எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு விதி உண்டு, கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் அதைத்தான் பேசுவார். ஒரு கதைக்கு ஒரு பொய் அனுமதி, மிச்சமெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் வேண்டுமா, வைத்துக்கொள், ஆனால் அந்தக் கப்பலுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் அது தண்ணீர் கொட்டுவதுபோலவே கொட்ட வேண்டும். இந்த விதி சும்மா வந்ததில்லை. இருபத்து மூன்று வருடம் முன்னால் எடையில்லாத ஒரு விண்கலத்துக்குள் பிறந்தநாள் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்தார், சுடர் நிமிர்ந்து நின்று ஆடியது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வீட்டம்மா, எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே போகாது, சுடர் உருண்டையாகத்தான் இருக்கும், உங்கள் எழுத்தாளர் ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்தானா என்று எழுதிக் கேட்டார். பத்திரிகை அதைக் கட்டம் கட்டிப் போட்டது. கல்லூரியில் பேராசிரியர்கள் ஒரு மாதம் அவரைச் சுடர் சார் என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து படிக்காமல் ஒரு வரி எழுதியதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் கல்லூரியின் கடவுச்சொல் வேலை செய்தது, உலகத்து மருத்துவ இதழ்களெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே திறந்தன. போன நவம்பரில் தொடங்கிய தொடரில் இளவேனில் என்று ஒரு பெண் வியாழனின் நிலவு ஒன்றுக்குத் தனியாகப் போகிறாள், கதிர்வீச்சு மூளையைத் தாக்கி ஒவ்வொரு சொல்லாக மறக்கிறாள். கதிர்வீச்சு அப்படிச் செய்யும் என்பது அந்தக் கதையின் ஒரே பொய். சொற்கள் எந்த வரிசையில் போகும் என்பது உண்மையாக இருக்க வேண்டும். இதழ்களில் தேடினார். பெயர்கள் முதலில், அதிலும் அடிக்கடி புழங்காத பெயர்கள், என்று இருந்தது. ஆனால் எடுத்துக்காட்டெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் பேசும் ஒரு பெண்ணிடமிருந்து முதலில் எது போகும், எப்படிப் போகும், போன இடத்தில் எதை வைத்து அடைப்பாள், யாரும் எழுதியிருக்கவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் முன்பு கீத பவனி. சபைப் பாடகர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். பியூலாதான் எப்போதும் முதலில் எடுத்துக்கொடுப்பாள், ஆல்டோ, கனத்த குரல். தெற்கு பஜார் பக்கம் ஒரு வீட்டு வாசலில், அந்தப் பழைய பாட்டு, மூன்று சரணமும் பிசகில்லாமல் பாடி முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, அத்தான், அந்த எரியுறதைக் கொஞ்சம் பிடிங்க என்றாள். எது. இது, எரியுறது. கையில் மெழுகுவர்த்தி. அவர் வாங்கிக்கொண்டார். சுடர் நிமிர்ந்து நின்றது, ஏனென்றால் இது பூமி. அந்த நிமிடம் அவருக்குள் எழுந்தது பயம் இல்லை. அதைப் பயம் என்று நினைத்துக்கொள்ள அவர் இந்த எட்டு மாதமும் முயன்றிருக்கிறார், முடியவில்லை. அது சந்தோஷம். எரியுறது. பெயர் போன இடத்தில் வினை வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த இதழிலும் இல்லாதது. ஜனவரியில் அவள் கரண்டியை அள்ளுறது என்றாள், கடிகாரத்தை ஓடுறது என்றாள். அவர் மேசையில் உட்கார்ந்து படித்தார். சொற்கள் படிப்படியாகக் கரைந்துபோகும் ஒரு நோய் உண்டு, அறுபதை ஒட்டித் தொடங்கும், மூளை தானாகவே சுருங்கிக்கொண்டு வரும், மருந்து கிடையாது. எல்லாம் பொருந்தியது. அச்சுப் பிசகாமல் பொருந்தியது. மருந்தில்லாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி, அவளைப் பயமுறுத்துவதற்கா, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவுக்கு வந்தார். இருபத்து மூன்று வருடம் படித்த மனிதனுக்கு ஒரு டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. கதைக்காகப் படித்த நோயைத்தான் மனைவிக்குக் கண்டுபிடித்தார், கதைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. அதுவாகவே இருக்க வேண்டும், உள்ளே எடுக்கும் படத்தில் சுருங்கின மூளைதான் தெரிய வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொண்டிருப்பதை உணர்ந்து டீயைக் கீழே வைத்தார். சுருங்கியிருந்தால் யாரும் எதையும் செய்திருக்க முடியாது. எந்த மாதம் சொன்னாலும் ஒன்றுதான்.

உள்ளே மில் சத்தம் நின்றது. மறுபடி தட்டல். ஜனவரியிலிருந்து தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் பொருட்களை வரிசையாக வைப்பார், சீப்பு, நகவெட்டி, ஊக்கு, பிளாஸ்க் மூடி, சாவி. விளையாட்டு பியூலா, பேர் சொல்லு பார்ப்போம். முதலில் அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிப்ரவரியில் சிரிப்பு நின்றது. மார்ச்சில் ஒருநாள் சீப்பைக் காணவில்லை, அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள், அது இல்லாவிட்டால் அதன் பேரைக் கேட்க மாட்டார் என்று. அதையும் இளவேனில் செய்தாள், பதினேழாம் அத்தியாயத்தில், திருப்புளியை. பாட்டு மட்டும் போகவில்லை. பேச முடியாதவள் முழுப் பாமாலையையும் வரிபிசகாமல் பாடினாள், பாட்டு மூளையின் வேறு பக்கத்தில் இருக்கிறது என்று படித்திருந்தார், பாடச் சொல்லிச் சரிபார்த்தார், இளவேனிலையும் பாடவைத்தார், அந்த வாரம் வந்த பாராட்டு வேறு எந்த வாரமும் வந்ததில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஏப்ரலில் ஒரு மதியம், அதை நினைக்காமல் தாண்டிவிட வேண்டும், தாண்ட முடியவில்லை. பியூலா செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் வந்து நின்றாள். அத்தான், என்னைய கூட்டிட்டுப் போங்க, அங்க. எங்க பியூலா. அங்க. நெற்றியைத் தொட்டுக் காட்டினாள், ஊசி போடுவதுபோல் கையில் குத்திக் காட்டினாள். அங்க. அவருக்குத் தெரிந்தது. முதல் 'அங்க'விலேயே தெரிந்தது. எங்கன்னு சொல்லு பியூலா, பேரைச் சொல்லு, சொன்னா கூட்டிட்டுப் போறேன். அவள் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஆ என்று வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கால் மணி நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அப்புறம் கேட்டதே இல்லை. இருபத்தோராம் அத்தியாயத்தில் இளவேனில் கண்ணாடிக்கு வெளியே பூமியைக் காட்டி, அங்க, அங்க என்கிறாள். அந்த அத்தியாயத்தைத் திருத்தமே இல்லாமல் எழுதினார்.

ஜூலையில் ஈரோட்டிலிருந்து ஒரு போன் வந்தது. பெண் குரல், நரம்பியல் மருத்துவர். "சார், இவ்வளவு கரெக்டா நோயாளியை எழுதின கதையை நான் படிச்சதில்லை. எங்கிட்ட வர்றவங்களைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கு. ஒரே ஒரு ஓட்டை. சொல்லலாமா?" சொல்லுங்கம்மா. "பேச்சு இப்படிக் குறையுதுன்னா நாங்க முதல்ல படம் எடுப்போம். கட்டி கிட்டி இருந்தா இதே மாதிரிதான் காட்டும், எடுத்துட்டா சரியாயிடும். கப்பல் டாக்டர் ஏன் அந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்கேன்கூட எடுக்கல? நம்ப முடியலையே சார்." அவர் நன்றி சொன்னார், உண்மையாகவே சொன்னார், காது சூடேறியிருந்தது, மறுபடியும் சுடர். உடனே உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்தார். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பல டன் எடை, அவ்வளவு எடையை ஏற்றினால் எரிபொருள் கணக்கு இடிக்கும், ஆகவே கப்பலில் அது இல்லை. ஓட்டை அடைபட்டது. நல்ல பத்தி. அன்றைக்குப் பியூலாவோடு சேர்ந்து சாப்பிட்டார், அவள் ரசம் கேட்க வாய் திறந்து கைகாட்டினாள், ஊற்றினார். கப்பலில் ஸ்கேன் இல்லை. வீட்டிலிருந்து இந்தக் கட்டடம் ஆட்டோவில் பத்து நிமிடம்.

"அத்தான், உங்க கதைல வார புள்ள கடைசில என்ன ஆவும்?" தனசிங் காலியான டம்ளரை நசுக்கிக்கொண்டு கேட்டான். சலூனில் படிக்கிறான், முடிவெட்டக் காத்திருக்கும்போது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். "இன்னும் எழுதல." கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமை வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து செய்தி காலையில்தான் வந்திருந்தது. "அதுவும் வார்த்தை மறந்துதானே போவுது." அவர் மூட்டையை இறுக்கிப் பிடித்தார், ஊக்கு ஒன்று துணியைத் தாண்டி விரலில் குத்தியது. "போன வாட்டி படிக்கையில நினைச்சேன்," என்றான் தனசிங், "அக்கா மாதிரியே இருக்கேன்னு." இதோ, வந்துவிட்டது. தனசிங்கின் கண் கலங்கியிருந்தது. "பாவம், வீட்டுல இப்படி நடக்கும்னு தெரியாமலேயே எழுதியிருக்கீய பாருங்க. ஆண்டவர் முன்கூட்டியே உங்க மனசுல போட்டிருக்காரு." அவர் தலையாட்டினார். கழுத்து லேசாகிவிட்டதுபோல் இருந்தது. பிறகு அந்த லேசு அருவருத்தது, அதுவும் ஒரு கணம்தான்.

டாக்டர் நெல்லையப்பன் அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். பியூலா நடுவில் உட்கார்ந்தாள், ஊக்கில்லாத முந்தானையைக் கையால் பிடித்தபடி. திரையில் அவள் மூளை சாம்பல் நிறத்தில் இருந்தது. சுருங்கவில்லை. இடதுபுறம், எலுமிச்சையளவுக்கு, வெள்ளை வெளேரென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. "கட்டிதான். பயப்பட வேண்டாம், கெட்ட கட்டி இல்ல," என்றார் டாக்டர். "மூளைக்கு வெளிய, உறையில வளர்றது. மெதுவா வளரும். பேச்சு இருக்கிற இடத்தை அழுத்துது, அதான் வார்த்தை வரல." எடுத்துரலாமா சார் என்று தனசிங் கேட்டான். "தாராளமா எடுத்துரலாம். எப்ப எடுக்கணுங்கிறதுதான் கேள்வி. எவ்வளவு நாளா இப்படி இருக்காங்க?" எடுத்துரலாம். அவர் படித்த எந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல் இல்லை, அவர் படித்தது வேறு நோய். எடுத்துரலாம் என்றால் ஜனவரியில் எடுத்திருக்கலாம், செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற அன்று எடுத்திருக்கலாம், ஈரோட்டுக்காரி போனை வைத்த அன்றுகூட. மூன்று பேர் அவரைப் பார்த்தார்கள். "ரெண்டு மாசம்," என்றார். ஜூன்லயா என்றார் டாக்டர். "ஜூன் கடைசி. ஒருநாள் தலை சீவும்போது சீப்புன்னு சொல்ல வரல. அப்புறம் ஒருநாள் சீப்பையே எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள வச்சுட்டா." ஒரே ஒரு பொய், மிச்சமெல்லாம் உண்மை. டாக்டர் நம்பினார். நம்பும்படியாகத்தான் இருந்தது. "நல்லவேளை, சீக்கிரம் கவனிச்சிருக்கீங்க. பல பேர் வருஷக்கணக்கா விட்டுட்டு வர்றாங்க. ஏழெட்டு மாசம் அழுத்தியிருந்தா நாளைக்கே திறந்திருப்பேன், அதுக்கு மேல அந்த இடம் தாங்காது. ரெண்டு மாசம்னா அவசரம் இல்ல. மாத்திரை கொடுத்து வீக்கத்தை இறக்கிட்டு அடுத்த மாசம் நிதானமா செஞ்சுக்கலாம்." இப்போது சொல்லலாம். வாயைத் திறந்து, இல்லை டாக்டர், டிசம்பர் என்று சொன்னால் போதும். தனசிங் இடதுகைப் பக்கம் உட்கார்ந்திருந்தான், அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு, யாரும் கூப்பிடாமலேயே, வந்து நின்றது.

பியூலா தலையை ஆட்டினாள். இல்ல என்பதுபோல. ஒரு விரலை உயர்த்தினாள், இன்னொன்றை உயர்த்தப் போனாள், எத்தனை என்பது தெரியாமல் விரல்கள் நின்றுவிட்டன. டாக்டரின் மேசையை உள்ளங்கையால் தட்டினாள். வாயைத் திறந்தாள், ஆ வந்தது, நின்றது. அவர் வழக்கம்போல அவளுக்காக வாக்கியத்தை முடித்துவைத்தார், அவளுக்குத் தண்ணி வேணும்போல டாக்டர். அப்போது அவள் பாடத் தொடங்கினாள். தாழ்ந்த, கனத்த ஆல்டோ, சுருதி கொஞ்சமும் பிசகவில்லை, ஒரு சொல்லும் உதிரவில்லை. அந்தப் பழைய பாட்டு, கீத பவனிப் பாட்டு, மெழுகுவர்த்தியை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பு பாடியது. டாக்டரைப் பார்த்துப் பாடினாள், முதல் சரணம் முடிந்ததும் கணவரைப் பார்த்தாள். அவள் தேதி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவருக்கு மட்டும் அது தெரிந்தது, ஏப்ரலில் தெரிந்ததுபோலவே, முதல் சொல்லிலேயே. "பாட்டு அருமையா வருதே," என்றார் டாக்டர், "அது வேற பக்கம், அதைக் கட்டி தொடல." தனசிங் அக்காவின் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, இப்பம் இதைப் பாடப்பிடாதுல்லா. சீசன் இல்லல்லா." டாக்டர் பக்கம் திரும்பி விளக்கினான்: "கிறிஸ்மஸ் பாட்டு சார். டிசம்பரைத் தவிர வேற மாசத்துல எங்க சபையில பாட மாட்டோம். பாவம், மாசங்கூட மறந்துபோச்சு." பியூலா நிறுத்தினாள். இரண்டாம் சரணத்தின் நடுவில். யாரையும் பார்க்காமல் கையை நீட்டினாள். அவர் கைக்குட்டை மூட்டையைக் கொடுத்தார், அவள் பிரித்து ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டாள், தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று. கப்பலில் இளவேனில் தனக்கு இது தொடங்கிய நாளைப் பாட்டாகப் பாடுவாள், கேட்பவர்களுக்கு அது வெறும் பாட்டு. அதுதான் முடிவு. இரண்டு பக்கம் போதும். டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டினார், ஞானசிகாமணி எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 19 அன்று பியூலாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. பேச்சு திரும்பவில்லை. 2019 டிசம்பர் 14, சனிக்கிழமை மாலை, பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிகாமணியின் தொடர் 'அங்கே' என்ற புதிய தலைப்பில் நூலாக வெளியிடப்பட்டது. அறிவியல் துல்லியத்தைப் பேச்சாளர்கள் மூவரும் பாராட்டினர். விழாவின் தொடக்கத்தில் எழுத்தாளரின் துணைவியார் ஒரு பாட்டுப் பாடினார். கிறிஸ்மஸ் பாட்டு. டிசம்பர் மாதம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.